பிளாட்டினம் என்று எழுதியிருந்தால் போதாது: நெறிமுறைக் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

மருத்துவ ஆய்வு நெறிமுறைக் குழுக்களின் தலைவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

மூளையின் மின்னலைகளைப் பதிவு செய்யும் மின்முனைகளுடன் ஒருவரை எம்ஆர்ஐ ஸ்கேனருக்குள் அனுப்பும் ஆய்வுத் திட்டங்கள் உங்கள் மேசைக்கு வருகின்றன. தலையில் இஇஜி தொப்பியை மாட்டி, பதிவு ஓடிக்கொண்டிருக்கும்போதே, மூளையின் இரத்த ஓட்ட மாற்றத்தைக் காட்டும் எஃப்எம்ஆர்ஐ எடுப்பது ஒரு வகை. வலிப்பு தொடங்கும் இடத்தைத் தேடி, மண்டையோட்டில் துளையிட்டு மூளைக்குள் இறக்கிய ஆழ் மின்முனைகளுடன் ஸ்கேன் எடுப்பது இன்னொரு வகை. இரண்டிலும் பாதுகாப்பு என்ற தலைப்பின் கீழ் ஒரு வரி அடிக்கடி தென்படுகிறது: மின்முனைகள் பிளாட்டினத்தால் ஆனவை, காந்தத் தன்மை அற்றவை, எனவே எம்ஆர்ஐக்கு ஏற்றவை.

அந்த வரியை மட்டும் நம்பிக் கையெழுத்திடாதீர்கள் என்று கேட்டுக்கொள்ளவே இதை எழுதுகிறோம். வரியின் முற்பகுதியில் குறையில்லை. "எனவே" என்ற சொல்லில்தான் பிழை இருக்கிறது.

ஸ்கேனருக்குள் மூன்று விதமான புலங்கள் வேலை செய்கின்றன. எப்போதும் அணையாமல் இருக்கும் நிலைக்காந்தப்புலம் இரும்பையும் நிக்கலையும் இழுக்கும், திருப்பும். படம் எடுக்கும்போது வேகமாக ஏறி இறங்கும் சாய்வுப்புலம் வயர் வளையங்களில் மின்னழுத்தத்தைத் தூண்டும். ரேடியோ அலைப்புலம் நீளமான எந்த மின்கடத்தியையும் ஏரியலாக மாற்றிவிடும். காந்தத் தன்மை இல்லை என்பது இவற்றில் முதலாவதற்கு மட்டுமே பதில். மற்ற இரண்டும் உலோகம் காந்தத்தை ஏற்குமா என்று பார்ப்பதில்லை, மின்சாரத்தைக் கடத்துமா என்றுதான் பார்க்கின்றன.

செம்பு இதற்கு நல்ல சாட்சி. செம்பின் காந்த ஏற்புத்திறன் பத்து லட்சத்துக்குச் சுமார் −9.6 பங்கு, தண்ணீருக்குச் சுமார் −9.05. இரண்டும் ஏறத்தாழ ஒன்று என்பதால் மெல்லிய செம்புக் கம்பி ஸ்கேனரில் இழுபடாது, படத்தையும் கெடுக்காது. பிளாட்டினத்துக்கு அந்த எண் +279. அதனால் பிளாட்டினத்தைச் சுற்றிப் படத்தில் கறுப்புக் குழி விழும். படத்தை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொன்னால் செம்பே மேலானது. ஆனால் அதே செம்புக் கம்பி ரேடியோ அலையைத் தாராளமாக வாங்கி, நுனியில் கொண்டுபோய்க் கொட்டும். ஆகவே "படம் சுத்தமாக வந்தது" என்ற வாக்கியம் பாதுகாப்புப் பகுதியில் இருந்தால் அதை அடித்துவிடுங்கள். படத்தின் தரம் வேறு, நோயாளியின் பாதுகாப்பு வேறு.

சூடாவது வயர் அல்ல. வயரின் நீளம் முழுவதும் தூண்டப்படும் மின்னோட்டம், காப்பு உறை முடிந்து உலோகம் திசுவைத் தொடும் சிறிய இடத்தில் வெளியேறுகிறது. பரவலாகப் பயன்படும் ஓர் ஆழ் மின்முனையின் விட்டம் 0.8 மில்லிமீட்டர், ஒவ்வொரு தொடுபுள்ளியும் 2 மில்லிமீட்டர் நீளம், ஒரு மின்முனையில் 5 முதல் 18 தொடுபுள்ளிகள் வரை இருக்கும். நுனியைச் சுற்றியுள்ள ஒரு தானியமணி அளவு திசுவில்தான் வெப்பம் முழுவதும் இறங்குகிறது. மூளைத் திசுவுக்கு வலியுணர்வு கிடையாது என்பதையும் இங்கே நினைவில் கொள்ள வேண்டும். "நோயாளி சூடாக இருக்கிறது என்றால் ஸ்கேனை நிறுத்திவிடுவோம்" என்ற உறுதிமொழி தலைத்தோல் மின்முனைக்கு ஓரளவு பொருந்தும், மூளைக்குள் இருக்கும் மின்முனைக்குப் பொருந்தாது. மயக்க மருந்து கொடுத்த குழந்தைக்கு இரண்டு வகையிலுமே பொருந்தாது.

எவ்வளவு சூடாகும் என்பதை வயரின் நீளமும் அலையின் நீளமும் சேர்ந்து முடிவு செய்கின்றன. எம்ஆர்ஐ படம்பிடிக்கும் ஹைட்ரஜன் அணுக்கருவின் அதிர்வெண், காந்தப்புலத்தின் ஒரு டெஸ்லாவுக்கு 42.58 மெகாஹெர்ட்ஸ். எனவே 1.5 டெஸ்லா ஸ்கேனர் சுமார் 64 மெகாஹெர்ட்ஸிலும் 3 டெஸ்லா ஸ்கேனர் சுமார் 128 மெகாஹெர்ட்ஸிலும் ரேடியோ அலையை அனுப்புகின்றன. தண்ணீரைப் போன்ற ஊடகத்தில் அரை அலைநீளம் முதலாவதில் சுமார் 26 சென்டிமீட்டர், இரண்டாவதில் சுமார் 13 சென்டிமீட்டர். காப்பு உறை போட்ட வயரில் இந்த நீளம் கூடும். வயரின் ஒரு பகுதி தலைக்கு வெளியே காற்றில் கிடந்தால் கணக்கு இன்னும் மாறும்; காற்றில் 128 மெகாஹெர்ட்ஸின் கால் அலைநீளமே சுமார் 59 சென்டிமீட்டர், அதாவது ஒரு சாதாரண இஇஜி வயரின் நீளத்துக்குப் பக்கத்தில் வருகிறது. அலையோடு ஒத்திசையும் நீளத்தை வயர் நெருங்கினால் நுனியில் வெப்பம் எகிறும், விலகினால் அடங்கும். இதனால்தான் "3 டெஸ்லாவிலேயே சோதித்துவிட்டோம், 1.5 அதைவிடக் குறைவுதானே" என்ற வாதம் செல்லாது. 3 டெஸ்லாவில் சாதுவாக இருந்த வயர் 1.5 டெஸ்லாவில் ஒத்திசைவுக்கு வரலாம். காந்தத்தின் வலிமை கூடினால் ஆபத்து கூடும் என்ற பொதுப் புரிதல் இழுவிசைக்குத்தான் சரி, ரேடியோ வெப்பத்துக்கு அல்ல.

இது தாளில் மட்டும் இருக்கும் பயமல்ல. பார்க்கின்சன் நோய்க்காக மூளையில் மின்தூண்டல் மின்முனைகள் வைத்திருந்த ஒருவருக்கு முதுகுத்தண்டின் கீழ்ப்பகுதியில் 1.0 டெஸ்லா எம்ஆர்ஐ எடுத்ததையடுத்து நிரந்தர நரம்புப் பாதிப்பு ஏற்பட்டது. 2005-இல் அது மருத்துவ இதழில் பதிவானது. ஸ்கேன் செய்தது இடுப்புப் பகுதியை, பாதிக்கப்பட்டது மூளை. உடல் முழுவதற்கும் அலையை அனுப்பும் பெரிய காயிலுக்குள் வயர் எங்கே கிடந்தாலும் அது வாங்கும். அதே ஆண்டில் இத்தகைய மின்முனை உள்ளவர்களுக்கான வழிகாட்டுதல் இறுக்கப்பட்டது: 1.5 டெஸ்லா மட்டும், தலைக்கு மட்டும் அலை அனுப்பும் காயில் மட்டும், தலையின் சராசரி எஸ்ஏஆர் கிலோவுக்கு 0.1 வாட்டுக்குள். எஸ்ஏஆர் என்பது ஒரு கிலோ திசு உறிஞ்சும் ரேடியோ சக்தி. மின்முனை எதுவும் இல்லாதவருக்கு வழக்கமான நிலையில் தலைக்கு 3.2 வாட் வரை அனுமதி உண்டு. மின்முனை உள்ளே போனதும் அந்த எண் முப்பதில் ஒரு பங்காகச் சுருங்கியதைப் பாருங்கள்.

இனி, திட்டத்தோடு என்னென்ன சோதனை முடிவுகள் இணைக்கப்பட்டிருக்க வேண்டும் என்று சொல்கிறோம்.

இழுவிசைச் சோதனை எளிது, மலிவும்கூட. சோதனைத் தரங்களை வகுக்கும் ஏஎஸ்டிஎம் அமைப்பின் எஃப்2052 முறைப்படி, பொருளின் எடையில் 1 சதவீதத்துக்கும் குறைவான எடையுள்ள நூலில் அதைக் கட்டி, இழுப்பு மிக அதிகமாக இருக்கும் இடத்தில் தொங்கவிட்டு, நூல் எத்தனை டிகிரி சாய்கிறது என்று பார்க்க வேண்டும். அந்த இடம் காந்தத்தின் நடு மையம் அல்ல, வாய்ப்பகுதி. மையத்தில் புலம் சீராக இருப்பதால் அங்கே இழுப்பே இராது. அங்கே தொங்கவிட்டுப் பூஜ்யம் என்று எழுதிய அறிக்கைக்கு மதிப்பில்லை. திருப்புவிசையை மட்டும் மையத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். சாய்வு 45 டிகிரிக்குள் இருந்தால் இழுவிசை அதன் எடையைவிடக் குறைவு என்று பொருள்.

இந்தச் சோதனையில் மின்முனையைவிட அதன் கனெக்டர்தான் ஏமாற்றும். தங்கப் பூச்சு போட்ட பின்களில் தங்கத்துக்கு அடியில் நிக்கல் பூச்சு இருப்பது வழக்கம். நிக்கல் இரும்பைப் போலவே காந்தத்தால் இழுபடும். தகவல் தாளில் "தங்கம்" என்றுதான் இருக்கும். 316எல் ரகத் துருப்பிடிக்காத எஃகும் அப்படித்தான். வாங்கும்போது காந்தத்தில் ஒட்டாது, குளிர்நிலையில் வளைத்து, இழுத்து, நசுக்கி உருவாக்கியபின் லேசாக ஒட்டத் தொடங்கலாம். எனவே பொருட்பட்டியலில் மின்முனையின் உலோகத்தோடு வயர், சாலிடர், கிரிம்ப், ஸ்பிரிங், திருகு, பின், ஷீல்டு என்று ஒவ்வொன்றும் இருக்கிறதா என்று பாருங்கள். நியோடிமியம் காந்தம் ஒன்றைக் கையில் பிடித்து ஒவ்வொரு பாகத்தையும் தொட்டுப் பார்ப்பது முதற்கட்ட வடிகட்டலுக்கு உதவும். அதில் ஒட்டியதை அப்போதே ஒதுக்கலாம். ஒட்டாதது தேறிவிட்டது என்று மட்டும் சொல்லக் கூடாது.

ரேடியோ வெப்பச் சோதனையில்தான் உங்கள் நேரத்தைச் செலவிடுங்கள். ஏஎஸ்டிஎம் எஃப்2182 இதற்கான முறை. உடலுக்குப் பதிலாக ஜெல் நிரப்பிய பேண்டம், அதாவது மாதிரித் தொட்டி. ஒரு லிட்டர் அயனி நீக்கிய தண்ணீருக்கு 1.32 கிராம் சாதாரண உப்பு, 10 கிராம் பாலிஅக்ரிலிக் அமிலம். அந்த முறையில் சொல்லப்படும் பெரிய தொட்டிக்குச் சுமார் 25 லிட்டர் வேண்டும், அதாவது 33 கிராம் உப்பும் கால் கிலோ பாலிஅக்ரிலிக் அமிலமும். முதலில் உப்பைக் கரைத்து, பிறகு அமிலத்தைத் தூவி, கட்டி இல்லாமல் கலக்கி, அவ்வப்போது கிளறியபடி ஒரு நாள் விட்டுவைத்தால் குமிழ் இல்லாத, அரைகுறையாக ஒளி புகும் கூழ் கிடைக்கும். அதன் மின்கடத்துதிறன் மீட்டருக்கு 0.47 சீமன்ஸ் அளவில் இருக்க வேண்டும். 128 மெகாஹெர்ட்ஸில் மூளையின் சாம்பல் பகுதிக்கு இது சுமார் 0.59, வெண்பகுதிக்குச் சுமார் 0.34; இரண்டுக்கும் நடுவே ஜெல் நிற்கிறது. கூழ் எதற்கு, உப்புத் தண்ணீர் போதாதா என்று கேட்பார்கள். தண்ணீரில் சூடான பகுதி மேலே எழும்பி ஓடிவிடும். நுனியில் சேர வேண்டிய வெப்பம் கலைந்து, அளவு குறைவாகக் காட்டும். உப்புத் தண்ணீரில் எடுத்த வெப்ப அளவை ஏற்காதீர்கள்.

வெப்பத்தை ஒளியிழை உணரியால்தான் அளக்க வேண்டும். சாதாரண தெர்மோகப்பிள் தானே ஒரு உலோகக் கம்பி. அதுவே ரேடியோ அலையை வாங்கிப் பொய் சொல்லும். உணரியின் நுனி மின்முனையின் நுனியை ஒட்டி இருக்க வேண்டும். ஓரிரு மில்லிமீட்டர் விலகினாலே வெப்ப ஏற்றத்தின் பெரும்பங்கு தப்பிவிடும், ஏனென்றால் நுனியிலிருந்து தள்ளிப்போகப் போக வெப்பம் செங்குத்தாகச் சரிகிறது. அறிக்கையில் உணரி வைத்த இடத்தின் புகைப்படமும் தூரமும் இல்லையென்றால் திருப்பி அனுப்புங்கள். ஸ்கேன் தொடங்குவதற்குச் சில நிமிடங்கள் முன்பிருந்து பதிவு ஓட வேண்டும். 15 நிமிடம் அலையை அனுப்ப வேண்டும். நிறுத்திய பிறகும் சில நிமிடங்கள் பதிவு தொடர வேண்டும். பின்னர் மின்முனையை வெளியே எடுத்துவிட்டு, உணரியை அதே இடத்தில் வைத்து, அதே ஸ்கேனை மறுபடி ஓட்ட வேண்டும். மின்முனையுடன் வந்த ஏற்றத்துக்கும் இல்லாமல் வந்த ஏற்றத்துக்கும் உள்ள வித்தியாசம்தான் மின்முனையின் பங்கு. இந்த இரண்டாவது ஓட்டத்தைத் தவிர்த்துவிட்ட அறிக்கை பாதி அறிக்கை.

ஓர் எளிய கணக்கை வைத்துக்கொண்டால் எண்களைச் சரிபார்க்கலாம். கிலோவுக்கு 2 வாட் வீதம் 900 நொடி கொடுத்தால் ஒரு கிலோ ஜெல்லுக்கு 1,800 ஜூல். ஜெல்லின் வெப்பக்கொள்ளளவு டிகிரிக்குச் சுமார் 4,150 ஜூல். ஆக மின்முனை இல்லாத ஜெல் சராசரியாக 0.43 டிகிரி மட்டுமே ஏற வேண்டும். இரண்டாவது ஓட்டத்தில் இதற்குப் பக்கத்தில்கூட எண் வரவில்லை என்றால், ஒன்று உணரி தவறு, அல்லது ஸ்கேனர் சொன்ன எஸ்ஏஆர் தவறு. பின்னது அரிதல்ல. திரையில் தெரியும் எஸ்ஏஆர் ஓர் மதிப்பீடுதான். வேறு வேறு தயாரிப்பு ஸ்கேனர்கள் ஒரே எஸ்ஏஆர் எண்ணைக் காட்டினாலும் ஒரே வயர் அவற்றில் வெவ்வேறு அளவு சூடாகும். அதனால் எஸ்ஏஆரோடு பி1 எனப்படும் ரேடியோ புலத்தின் சராசரி அளவையும் மைக்ரோடெஸ்லாவில் எழுதச் சொல்லுங்கள்.

சோதித்த அமைப்பு நோயாளியின் தலையில் இருக்கப்போகும் அமைப்போடு ஒத்துப்போகிறதா என்பதே அடுத்த கேள்வி. எங்கள் பார்வையில் மிக அதிகமாக நழுவும் இடம் இதுதான். மின்முனையை மட்டும் ஒரு விரல் நீளத்துக்கு வெட்டி ஜெல்லில் போட்டு, சூடாகவில்லை என்று எழுதுவது அர்த்தமற்றது. வெப்பத்தை உருவாக்குவது அந்த விரல் நீளத்துக்கு வெளியே இருந்த வயர். முழு நீள வயர், தலையிலிருந்து வெளியே தொங்கும் வால், கனெக்டர், இணைக்கப்போகிறார்கள் என்றால் நீட்டிப்பு கேபிளும் ஆம்ப்ளிஃபையரும் என்று மொத்தச் சங்கிலியும் சோதனையில் இருக்க வேண்டும். உடலுக்குள் முழுதும் புதைந்த கருவிகளுக்காக எழுதப்பட்ட முறைகளில், பாதி தலைக்குள்ளும் பாதி காற்றிலும் இருக்கும் வயருக்கு நேரடி விடை இல்லை. எனவே தலையும் தோளும் கொண்ட பேண்டத்தில், காற்றில் போகும் பகுதியையும் அப்படியே வைத்து அளக்க வேண்டும். வால்களைத் தனித்தனியே காப்புறையில் மூடியபடி ஒரு முறை, ஒன்றாகக் கட்டியபடி ஒரு முறை, கேபிளோடு இணைத்தபடி ஒரு முறை, நடுக்கோட்டில் நேராக ஒரு முறை, பக்கச் சுவரை ஒட்டி ஒரு முறை. மிக மோசமான எண் எந்த அமைப்பில் வந்தது என்று அறிக்கை சொல்ல வேண்டும். மூளைக்குள் வைத்த மின்முனைகளுடன் எஃப்எம்ஆர்ஐ எடுப்பதன் பாதுகாப்பை லண்டன் யூனிவர்சிட்டி காலேஜ் குழு 2010-இல் வெளியிட்டபோது, பாதுகாப்பு என்று பொதுவாகச் சொல்லிவிட்டுப் போகவில்லை. காந்த வலிமை, தலைக்கான காயில், குறைந்த எஸ்ஏஆர் கொண்ட வரிசைகள் (ஸ்கேனர் படமெடுக்கும் நிரல்கள்), கேபிள் போகும் பாதை என்று நிபந்தனைகளோடுதான் சொன்னது. அந்தக் கட்டுரையை மேற்கோள் காட்டி, வேறு காயிலில் வேறு கேபிளோடு செய்ய அனுமதி கேட்கும் திட்டம் வந்தால், மேற்கோள் அந்தத் திட்டத்துக்கு உதவாது.

சாய்வுப்புலத்தின் தூண்டலைப் பற்றிச் சுருக்கமாக. புலம் நொடிக்கு 20 டெஸ்லா வீதம் மாறும்போது 100 சதுர சென்டிமீட்டர் பரப்புள்ள வளையத்தில் 0.2 வோல்ட் எழும். இரண்டு வயர்களின் வால்கள் ஒன்றையொன்று தொட்டால் மூளைத் திசுவின் வழியாக அந்த வளையம் மூடிக்கொள்ளும். சலைனில் நனைந்த துணிக்கட்டும் அந்த வேலையைச் செய்யும். வால்களைச் சுருட்டித் தலைக்கட்டுக்குள் செருகுவது வார்டில் வசதியான பழக்கம். ஸ்கேனர் அறையில் அந்தச் சுருள் அவிழ்க்கப்பட்டு, ஒவ்வொரு முனையும் காய்ந்த காப்புறைக்குள் இருக்க வேண்டும். யார் அவிழ்ப்பார், யார் சரிபார்ப்பார் என்று திட்டத்தில் எழுதியிருக்க வேண்டும்.

தலைத்தோல் இஇஜியில் ஆபத்தின் உருவம் வேறு. தோல் சுடுவதே முதன்மையான கவலை. 1997-இல் வெளியான பாதுகாப்பு ஆய்வுக்குப் பிறகு, ஒவ்வொரு மின்முனையின் அடியிலும் மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் ரெசிஸ்டரைத் தொடராகப் பொருத்துவது நடைமுறைக்கு வந்தது. இன்று எம்ஆர்ஐக்கென விற்கப்படும் தொப்பிகளில் 5 கிலோஓம் ரெசிஸ்டர் பரவலாகக் காணப்படுகிறது. முதுகில் ஒட்டும் இசிஜி வயர் நீளமானது என்பதால் அதற்கு இன்னும் அதிகம். ரெசிஸ்டர் மின்முனையை ஒட்டியே இருக்க வேண்டும். கனெக்டர் பக்கம் வைத்தால் வயர் முழுவதும் ஏரியலாகவே இருக்கும், நுனியில் தடை எதுவும் இராது. வழக்கமான வார்டு இஇஜி கப்களில் இந்த ரெசிஸ்டர் கிடையாது. "வார்டில் இருக்கும் மின்முனைகளையே பயன்படுத்துவோம்" என்று செலவைக் குறைத்துக் காட்டும் திட்டத்தை அந்த இடத்திலேயே நிறுத்துங்கள். ஜெல் காய்ந்து தொடர்புப் பரப்பு சுருங்கினாலும் மின்னோட்டம் ஒரு புள்ளியில் குவியும். ஸ்கேனுக்கு முன்னும் பின்னும் ஒவ்வொரு மின்முனையின் மின்மறுப்பையும் குறித்துவைப்பது இதற்கான காவல்.

"எம்ஆர் இணக்கம்" என்ற சொல்லையும் கவனியுங்கள். 2005-இல் வந்த ஏஎஸ்டிஎம் எஃப்2503 அந்தப் பழைய சொல்லைக் கைவிட்டு மூன்று குறிகளைக் கொண்டுவந்தது. பச்சைச் சதுரம்: உலோகமும் இல்லை, மின்சாரமும் கடத்தாது, காந்தமும் ஏற்காது. மஞ்சள் முக்கோணம்: எழுதப்பட்ட நிபந்தனைகளுக்குள் மட்டும். சிவப்பு வட்டம்: உள்ளே கொண்டுபோகக் கூடாது. மின்சாரத்தைக் கடத்துவதே மின்முனையின் வேலை. ஆகவே பச்சைச் சதுரம் பதிவு மின்முனை எதற்கும் கிடைக்காது. மஞ்சள் முக்கோணம் என்றால் நிபந்தனைத் தாள் எங்கே என்று கேளுங்கள். தாள் இல்லாத மஞ்சள் வெறும் வண்ணம்.

மின்முனை எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று தெரிந்துகொள்ள மட்டும்தான் ஸ்கேன் என்றால் எம்ஆர்ஐ தேவையே இல்லாமல் போகலாம். மின்முனை வைத்தபின் ஒரு சிடி ஸ்கேன் எடுத்து, வைப்பதற்கு முன் எடுத்த எம்ஆர்ஐயோடு கணினியில் பொருத்தினால் இடம் தெரிந்துவிடும். பல மையங்களில் இதுதான் வழக்கம். கதிர்வீச்சு கொஞ்சம் உண்டு. வெப்ப ஆபத்து அறவே இல்லை. இந்த மாற்று வழி ஏன் போதாது என்று ஆய்வாளர் விளக்கட்டும். மின்னலையையும் இரத்த ஓட்ட மாற்றத்தையும் ஒரே கணத்தில் பார்க்க வேண்டும் என்பது நியாயமான காரணம். அப்படிப்பட்ட ஆய்வுகள் வேண்டும் என்றுதான் நாங்களும் விரும்புகிறோம்.

இதையெல்லாம் ஒவ்வொரு குழு உறுப்பினரும் கற்றிருக்க வேண்டியதில்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 நெறிமுறை வழிகாட்டுதல்படி, வாக்குரிமை இல்லாத துறை வல்லுநரைக் கூட்டத்துக்கு அழைக்க உங்களுக்கு வழி இருக்கிறது. மின்முனையும் எம்ஆர்ஐயும் சேரும் திட்டம் எது வந்தாலும், அந்தத் திட்டத்தில் பங்கில்லாத எம்ஆர்ஐ இயற்பியலாளர் ஒருவரை அழையுங்கள்.

ஒப்புதல் கொடுத்தால், ஸ்கேனரின் மாடல், மென்பொருள் பதிப்பு, அலை அனுப்பும் காயில், அனுமதித்த வரிசைகளின் பெயர், பி1 மற்றும் எஸ்ஏஆர் உச்சவரம்பு, கேபிள் பாதையின் படம் ஆகியவற்றை ஒப்புதல் கடிதத்திலேயே எழுதுங்கள். இவற்றில் எது மாறினாலும் திட்டம் உங்களிடம் திரும்பி வர வேண்டும் என்ற வரியையும் சேருங்கள். மென்பொருள் புதுப்பிப்பு ஒன்று ஒரே இரவில் வரிசையின் ரேடியோ அளவை மாற்றிவிடலாம். ஆய்வாளருக்கே அது தெரியாமல் போகலாம்.

ஏற்கெனவே ஒப்புதல் பெற்று நடந்துகொண்டிருக்கும் திட்டங்களையும் அடுத்த கூட்டத்தில் ஒரு முறை எடுத்துப் பாருங்கள். முழு நீள வயரோடு செய்த ஜெல் சோதனை அறிக்கை கோப்பில் இல்லையென்றால், அது வந்து சேரும்வரை அடுத்த நோயாளியை ஸ்கேனருக்குள் அனுப்ப வேண்டாம் என்று எழுத்தில் தெரிவியுங்கள்.

இப்படிக்கு,
எம்ஆர்ஐ பாதுகாப்பிலும் இஇஜி பதிவிலும் பணிபுரியும் சிலர்